ஒல்லிக்காரிக்குப் புதுக் காது

யோலிமாவை வாரநாளில் விசாரித்தால், "பள்ளிக்கூட வேன் ஓட்டுற அம்மாவா?" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விசாரித்தால், "கன்யாவெராஸ் குழுவுல பாஸ் வாசிக்கிறவளா?" என்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். நாற்பத்தெட்டு வயது, அகலமான தோள், மோதிரம் எதுவும் நுழையாத தடித்த விரல்கள். வேன் நிறையப் பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டாலும் குரலை உயர்த்தமாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், வண்டி அடங்கிவிடும்.

மேடையிலும் அவள் அப்படித்தான். ஃபனேரி முன்னால் நின்று பாடுவாள். பக்கத்தில் ஊதுகிறவர்கள், நடுவில் கொங்கா மேளம் தட்டுகிறவர்கள், ஓரத்தில் பியானோ. எல்லோருக்கும் பின்னால் யோலிமா தன் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதன் கழுத்தில் சாய்த்து நிற்பாள். உதடுகள் மட்டும் ஓயாமல் அசையும். பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வாத்தியத்துக்கு ஒல்லிக்காரி என்று பெயர். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற எலெக்ட்ரிக் பாஸ். மர பாஸுக்கு இருப்பதுபோலப் பெரிய வயிறு இதற்குக் கிடையாது. நீளமான கழுத்து, குறுகின உடம்பு, நாலு தந்தி, அவ்வளவுதான். வயிறு இல்லாததால் தானாகச் சத்தம் போடத் தெரியாது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் இரண்டு கால்களுக்கு அடியில் பிக்கப் இருக்கும். அதிர்வை அதுதான் கேட்டு, வயர் வழியாகப் பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். பிக்கப்தான் ஒல்லிக்காரியின் காது, வாய் எல்லாம்.

கொலம்பியாவில் இருக்கிற அந்த ஊருக்குப் பேர்தான் காலி. ஞாயிறு மத்தியானம் ஒப்ரேரோ பேட்டை ஆட்டக்கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாகக் கிடைக்காது. அறுபதைத் தாண்டியவர்கள் ஆடுவதற்கென்றே வைத்த ஆட்டம் அது. அவர்களுடைய பிள்ளைகள் வந்தால் ஓரமாக உட்கார்ந்து மூட்டை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது, ஒல்லிக்காரியின் தடித்த தந்திகள் இரண்டும் திடீரென்று செத்துப்போயின. ‘தும்’ என்று விழவேண்டிய இடத்தில் ‘டிக்’ என்று விழுந்தது, யாரோ பக்கத்து அறையில் நகம் வெட்டுவதுபோல.

ஃபனேரி பாட்டை எடுக்கவேண்டிய இடம் வந்தது, போனது. அவள் திறந்த வாயோடு பின்னால் திரும்பிப் பார்த்தாள். தரையின் நடுவில் தோன் எலியேசரின் வெள்ளைச் செருப்புகள் அப்படியே நின்றுவிட்டன. எண்பதை நெருங்குகிற மனுஷன், ஊரே ‘தோன்’ போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிற ஓய்வுபெற்ற தையல்காரர், அந்தக் கூடத்தில் அவருக்கு மேல் ஆடினவர் இல்லை. ஜோடியின் கையை விட்டுவிட்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"மகளே, தரையைக் காணோமே!"

"தரையெல்லாம் அங்கதான் இருக்கு தோன் எலியேசர். பாத்து நில்லுங்க."

"நான் குடிக்கலம்மா. காலுக்கு அடியில ஒண்ணு இருக்குமே, பிடிச்சுத் தூக்கி விடுறது, அதச் சொல்றேன்."

யோலிமா வயரை மாற்றினாள். பெட்டியைத் தட்டினாள், பிறகு உதைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மீதி ஆட்டத்தைப் பியானோக்காரியின் இடது கைதான் காப்பாற்றியது.

இறங்கினதும் ஃபனேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். யோலிமாவின் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டையிலும்கூட.

"என்ன கொமாத்ரே, நடுத்தெருவுல விட்டுட்டுப் போன மாதிரி விட்டுட்ட?"

"நீ என்னிக்குச் சரியான இடத்துல எடுத்திருக்க? முப்பது வருஷமா லேட்டு. இன்னிக்கு எடுக்கவே இல்ல. அதுக்கும் நான்தான் காரணமா?"

"உன் வாயில நல்ல வார்த்தை வந்தா அன்னிக்குக் காலியில பனி பெய்யும்."

"ஸ்வெட்டர் வாங்கி வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு யோலிமா ஒல்லிக்காரியை உறைக்குள் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இவர்கள் பழக்கம் ஒரு பஸ்ஸில் ஆரம்பித்தது. யோலிமாவின் அப்பா பால்மிராவுக்கு வெளியே கரும்பு லாரி ஓட்டினார். அந்தக் காலத்தில் காலியில் தெருவுக்குத் தெரு பெண்கள் மட்டுமே சேர்ந்து சால்ஸா குழு கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு குழுவுக்குப் பாடகி வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பதினெட்டு வயசு யோலிமா அம்மாவின் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் காகிதப் பொட்டலத்திலிருந்து சொன்தாதூரோ பழத்தை உப்பும் தேனும் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்கும் ஒன்று நீட்டினாள். பேச்சுக் கொடுத்ததில் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பழம் நீட்டவில்லை.

குழுவைக் கட்டியவள் லுதிவியா, டிராம்போன் ஊதுகிறவள். முதலில் ஃபனேரி பாடினாள். அவள் பாடி முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. அடுத்து யோலிமா பாடினாள்.

"குரல் நல்லாத்தான் இருக்கு மகளே," என்றாள் லுதிவியா. "ஆனா லோடு லாரி மேடு ஏறுற மாதிரி இருக்கு. எங்க, கையைக் காட்டு."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையில் ஒரு பாஸ் சாத்தியிருந்தது. அதை வாசித்தவள் போன வாரம்தான் கல்யாணம் செய்துகொண்டு பெரெய்ரா பக்கம் போயிருந்தாள். "இதைப் பிடி," என்றாள் லுதிவியா. யோலிமா பிடித்தாள். பாடகி ஆகப் போனவள் பாஸ்காரியாக வீடு திரும்பினாள். அப்பாவிடம் "வேலை கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

குழுவுக்கு லாஸ் கன்யாவெராஸ் என்று பெயர் வைத்தார்கள், கரும்புக்காட்டுக்காரிகள். கல்யாணங்கள், திருவிழாக்கள், இரண்டு கேசட்டு, ஒருமுறை ஈக்வடார்வரை பஸ் பயணம். மற்ற குழுக்கள் கலைந்துபோயின. இவர்கள் கலையவில்லை, கலைவது பற்றிப் பேச உட்கார்ந்தாலே சாப்பாட்டில் போய் முடியும். ஃபனேரிக்கு மட்டும் ஒரு குறை. "ஊரே கைதட்டுது, இவ வாயிலேருந்து ஒரு ‘நல்லாருக்கு’ வரமாட்டேங்குதே!" என்பாள். அதற்கு யோலிமா, "நல்லா இல்லன்னா சொல்லமாட்டேனா? நான் பேசாம இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம்," என்பாள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்ததும் ஒல்லிக்காரியை வீட்டுப் பின்கட்டில் துணி தேய்க்கும் மேசைமேல் படுக்க வைத்தாள். அவள் கணவன் நோர்பெய் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். பின்கட்டு முழுக்க மெஷின் டிரம்கள் வாய் பிளந்து கிடக்கும். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நகரு யோலி, நான் பாக்குறேன்."

"இது உன் வாஷிங் மெஷின் இல்ல, தண்ணி ஊத்திப் பாக்குறதுக்கு. நீ பிடிக்கச் சொன்னத மட்டும் பிடி."

முதலில் பெட்டியோடு சேர்த்து வயரைச் செருகி, குதிரையின் கால்களை நகத்தால் தட்டிப் பார்த்தாள். மெல்லிய தந்திப் பக்கத்துக் காலைத் தட்டினால் பெட்டி ‘டொக்’ என்றது. தடித்த தந்திப் பக்கத்தைத் தட்டினால் ஒன்றுமில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். பிணத்தைத் தட்டியதுபோல இருந்தது.

"ஒரு காது செவிடாப் போச்சு," என்றாள்.

தந்தியை முறுக்கும் பிருடைகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். ஒரே தந்தியை ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை சாய்ந்து உடையும்.

"இப்பப் பிடிச்சுக்கோ. கடைசிவரைக்கும் விட்டுடாத."

"இதையேதான் கோயில்ல வெச்சும் சொன்ன," என்றான் நோர்பெய், குதிரையைப் பிடித்தபடி.

தந்தி முழுக்கத் தளர்ந்ததும் குதிரை கையோடு வந்தது. அதன் காலுக்கடியில் சில்லறைக் காசு மாதிரி ஒரு மெல்லிய தகடு, நடுவில் கோடு விட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. சுற்றிலும் பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நோர்பெய் சுரண்டி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"யோலி, இது லுலாதா!"

மேடையில் லுலாதா பழச்சாறு குடிக்கிறவள் ஒருத்திதான். கண்ணாடித் தம்ளரைக் கண்ட இடத்தில் வைக்கிறவளும் அவள்தான். எந்த வருஷத்து லுலாதாவோ, சர்க்கரையும் புளிப்புமாக உள்ளே இறங்கி, தகட்டை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. யோலிமா ஃபோனை எடுத்தாள், ஃபனேரியின் பெயர்வரை போனாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். நேரில் சொன்னால் இன்னும் ருசியாக இருக்கும்.

பிளந்த தகட்டை ஒட்டவைக்க முடியாது. ஊர் நடுவில் இருக்கிற வாத்தியக் கடைகளில் ஏறி இறங்கினாள். எல்லோரும் கிடாருக்கான பிக்கப்பைக் காட்டினார்கள். நல்லவேளையாக லுதிவியா ஸ்பெயினில் மகள் வீட்டில் இருந்தாள். அந்த வாரம்தான் திரும்புகிறாள். செய்தி போனது. வெள்ளிக்கிழமை விமானத்திலிருந்து நேராக வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து புது பிக்கப்பை உருவிக் கொடுத்தாள் லுதிவியா.

"சுங்கத்துல கேட்டான், இது என்னன்னு. காது மெஷின்னு சொல்லிட்டேன்."

"பொய்யே இல்லையே," என்றாள் யோலிமா.

அதில் இரண்டு வட்டத் தகடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் முடி மாதிரி மெல்லிய வயர், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆனால் பழசைவிடத் தடிமன். சனிக்கிழமை உட்கார்ந்தாள். குதிரையின் தடித்த தந்திப் பக்கத்துக் காலை அரத்தால் ராவி இடம் செய்ததும் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த காலைப் புரட்டினால், அதில் மயிரிழை விரிசல். அதை ராவினால் கையோடு வந்துவிடும். மறுநாள் ஆட்டக்கூடத்துக்கு ஆண்டுவிழா. வேறு குதிரைக்கு எங்கே போவது?

நோர்பெய் சுற்றி வந்து பார்த்தான். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைத் தொட்டான்.

"ரெண்டாவத இங்க ஒட்டிரு."

"அங்க எதுக்கு?"

"அதிர்வுதான வேணும்? மெஷின் ஆடினா தரையும் ஆடுது, சுவரும் ஆடுது. எங்க கைய வெச்சாலும் தெரியுது."

யோலிமா அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் தந்தியைச் சுண்டினாள். அதிரத்தான் செய்தது. சரி என்று ஒட்டினாள். பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். வேனின் பின்விளக்கை எத்தனையோ தடவை இப்படிப் பற்றவைத்த கை. தந்திகளை ஏற்றினாள். செருகினாள். பெட்டி தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. தந்தியைத் தொட்டால் நின்றது, விட்டால் ஆரம்பித்தது. அப்போதுதான் எர்த் வயரைத் தந்தி மாட்டும் இரும்பில் சேர்க்க மறந்தது நினைவு வந்தது. சேர்த்தாள். அமைதி.

பிறகு ஆகத் தடித்த தந்தியைச் சுண்டினாள்.

தும்.

பின்கட்டில் கிடந்த டிரம் எல்லாம் கூடச் சேர்ந்து ‘உம்ம்’ என்றது. பக்கத்து வீட்டுக் கிளி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது. நோர்பெய் அவள் இடுப்பைப் பிடித்து மெஷின்களுக்கு நடுவில் நாலு அடி ஆடவிட்டான்.

"அயர்ன்! அயர்ன் சூடா இருக்கு, மடையா!" என்று கத்திக்கொண்டே ஆடினாள் யோலிமா.

ஆண்டுவிழாவுக்குக் கூடம் பலூனும் காகிதப் பூவுமாக இருந்தது. வழக்கத்துக்கு மாறாகப் பெரிய ஸ்பீக்கர்களை வாடகைக்குக் கொண்டுவந்து ஆடுகிற தரைக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். ஒல்லிக்காரியின் வயரும் அதில் போய்ச் சேர்ந்தது. யோலிமா அதற்கெல்லாம் பின்னால், டிரம்பெட்டும் டிராம்போனும் காதைப் பிளக்கிற இடத்தில் நின்றாள். தன் சின்னப் பெட்டியில் வருவது மட்டும்தான் அவளுக்குக் கேட்கும், அதுவும் அரைகுறையாக.

முதல் பாட்டு ஜோராகப் போனது. தோன் எலியேசர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். யோலிமாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கன்னத்தைக் கழுத்தில் சாய்த்தாள்.

இரண்டாவது பாட்டில் ஊதுகிறவர்கள் மூச்சு வாங்கின இடைவெளியில், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு கனத்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மஞ்ச சட்டைக்காரன்... சாவியத் தொலைச்சவன் மாதிரி தரையவே பாத்து ஆடுறான்."

மஞ்சள் சட்டைக்காரர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். ஜோடிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தோன் எலியேசர், மெதுவா, மெதுவா. இது எண்பது வயசு நெஞ்சு."

தோன் எலியேசர் தொப்பியைக் கழற்றி, எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியாமல் கூரையைப் பார்த்து வணங்கினார்.

"நோர்பெய், அது மூணாவது பாட்டில். எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

மதுக்கடை மேடையில் சாய்ந்திருந்த நோர்பெய் பாட்டிலை நெருப்பைத் தொட்டதுபோலக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

நடந்தது என்னவென்று முதலில் புரிந்துகொண்டவள் ஃபனேரி. கழுத்தோரம் ஒட்டின தகடு, கழுத்தில் அழுந்தின தாடை வழியாக யோலிமாவின் முணுமுணுப்பை உறிஞ்சிப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அந்த உதடுகள் பாட்டை முணுமுணுக்கவில்லை, ஊரை அளந்துகொண்டிருந்திருக்கின்றன. ஃபனேரி லேசாகத் திரும்பி, ஊதுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சொல்லிவிடாதீர்கள். லுதிவியாவால் டிராம்போனை ஊத முடியவில்லை, தோள்கள் குலுங்கின.

"இவ இன்னும் எடுக்கல பாரு. எடு. எடுடி, எடு... வந்துட்டா மகாராணி."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு யோலிமாவுக்கும் கேட்டது. காரணம் மட்டும் வேறாக நினைத்துக்கொண்டாள்.

"மினுமினுப்புச் சட்டைய இன்னிக்குப் போடாத, மீன் மாதிரி இருக்குன்னு சொன்னேன். கேட்டாளா? சிரிக்கிறாங்க பாரு."

பெண்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். ஃபனேரி மட்டும் சிரிக்கவில்லை. மீனாமே! இருக்கட்டும். இவள் மனசில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். பியானோக்காரிக்குச் சைகை காட்டி வரிசையை மாற்றி, மெதுவான பொலேரோ ஒன்றைக் கூப்பிட்டாள். அதில் ஊதுகிற வேலையே இல்லை. பியானோ, பாஸ், ஒரு குரல். எந்த முணுமுணுப்பும் தப்பாது.

ரயிலடியில் காத்திருக்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. ஃபனேரி ஒரு காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முதல் அடி போயிற்று. தும், தும் என்று பாஸ் மட்டும் வந்தது. பேச்சு வரவில்லை. பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்ததும் அவளுக்கே கேட்கவேண்டும் என்கிற எண்ணம் மறந்துபோய்விட்டது. கண்ணை மூடிப் பாடினாள்.

"ஹ்ம்... இந்த இடம்," என்றது ஸ்பீக்கர். "இந்த இடம் இவளுக்கு மட்டும்தான் வரும்."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல நின்றார்கள்.

"எத்தனை தடவ கேட்டாலும் இங்க உடம்பு சிலிர்த்துப் போகுது... அன்னிக்கு அந்த பஸ்ஸுல இவ ஏறலன்னா நான் பாடகி ஆயிருப்பேன். ஊருக்குத்தான் நஷ்டம்."

ஃபனேரியின் குரல் நின்றது. பியானோ தனியாக இரண்டு அடி நடந்து, அதுவும் தயங்கியது.

"என்ன ஆச்சு இவளுக்கு? வரி மறந்துட்டாளா?... அழுறாளா என்ன?"

பாட்டும் பியானோவும் நின்றிருந்தன. அந்தக் கடைசி வார்த்தை எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி யோலிமாவின் காதிலேயே விழுந்தது. தன் குரல்தான் அது. லாரி மேடேறுகிற குரல்.

"மாதாவே!" என்றாள். அதுவும் ஸ்பீக்கரில் வந்தது. கன்னத்தைச் சுட்டுக்கொண்டதுபோல வெடுக்கென்று எடுத்தாள்.

கூடம் வெடித்தது. தோன் எலியேசர்தான் முதலில் கைதட்டினார். ஃபனேரி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மைக்கை விடாமல் பின்னால் திரும்பினாள். கண்மை கன்னத்தில் ஓடியிருந்தது.

"கொமாத்ரே, மீன் கணக்க அப்புறம் தீத்துக்கலாம். அந்த ரெண்டாவது சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."

"ஒரு தடவ சொன்னா போதும்."

"முப்பது வருஷத்துக்கு ஒரு தடவதானா?"

யோலிமாவின் காதுமடல் வரை சிவந்திருந்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லிட்டுதான் இருக்கேன்," என்றாள். "இன்னிக்குத்தான் உனக்குக் கேட்டுச்சு."

பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள். இந்தத் தடவை யோலிமா கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கசப்பு மருந்துக்கு வாய் மூடிக்கொண்ட பிள்ளை மாதிரி உதட்டை இறுக்கி நின்று வாசித்தாள்.

இடைவேளையில் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி, சூடான எம்பனாதா பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் சட்டைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"செஞோரா, என்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்லலியா?"

"தலைய நிமிர்ந்து ஆடுங்க, சொல்றேன்."

அவர் போனதும் ஃபனேரி வந்தாள். அவளும் ஒரு எம்பனாதாவை எடுத்துக்கொண்டாள். மனசிலிருந்ததை ஊரே கேட்டுவிட்ட பிறகு தனியாகப் பேச என்ன இருக்கிறது?

"லேட்டு லேட்டுங்கறியே," என்றாள் ஃபனேரி. "ஏன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"நீ அப்படித்தான்னு நினைச்சேன்."

"உன் அடி விழட்டும்னு நிப்பேன். அது தரை வழியா வந்து என் கால்ல ஏறும். ஏறினப்புறம்தான் எனக்கு வாயே திறக்கும். போன வாரம் அது வரவே இல்ல. நான் எதப் பிடிச்சுக்கிட்டு ஏறுறது?"

யோலிமாவின் வாயில் எம்பனாதா அப்படியே நின்றது. மெல்ல விழுங்கினாள்.

"இத முன்னாலயே சொல்லியிருந்தா நான் இத்தன வருஷம் திட்டியிருக்க மாட்டேன்ல?"

"திட்டினதுல பாதி எனக்கு எங்க கேட்டுச்சு? எல்லாம் கட்டையோட கழுத்துக்குத்தானே சொல்லியிருக்க!"

லுதிவியா அடுத்த சுற்றுக்குக் கூப்பிட வந்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் மூச்சு முட்டி, ஒரே தாள்நாப்கினில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "சட்டை நிஜமாவே மீன் மாதிரியா இருக்கு?" என்று ஃபனேரி கேட்க, "நல்ல மீன்," என்று யோலிமா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டக்கூடத்துக்காரர்கள் அந்தப் பிக்கப்பை அப்படியே விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். வாராவாரம் இதைக் கேட்கவே கூட்டம் வருமாம். யோலிமா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொல்லவேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அதில் பாதி ஆட்டக்கூடத்துக்காரர்களைப் பற்றியது.

குதிரையின் விரிசல் விட்ட காலுக்குப் பசை ஊற்றி, நூலால் இறுக்கிச் சுற்றி, காய விட்டாள். கெட்டிப்பட்டதும் ஒரு நாள் காலையில் மறுபடியும் ஒல்லிக்காரியைத் தேய்க்கும் மேசைமேல் ஏற்றினாள். கதவைத் தட்டாமல் ஃபனேரி வந்து நின்றாள். காலில் வீட்டுச் செருப்பு, ஒரு கையில் சூடான பான்தெபோனோ ரொட்டிப் பை, இன்னொரு கையில் லுலாதா.

"அத எங்க வைக்கப் போற?"

"இதோ, கீழ."

"இன்னும் தள்ளி வை. இன்னும். வாசல்ல வெச்சுட்டு வா."

"ஒரு தம்ளருக்கு இவ்வளவு பயமா?"

யோலிமா உடைந்த பழைய தகட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, எதனால் உடைந்தது என்று விளக்கினாள். ஃபனேரி முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்ளரைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

கழுத்தோரம் ஒட்டின தகட்டுக்கு அடியில் நூலை விட்டு, ரம்பம்போல முன்னும் பின்னும் இழுத்து, நோகாமல் பெயர்த்தெடுத்தாள் யோலிமா. குதிரையைத் திருப்பி, ஒட்டின காலை அரத்தால் மெல்ல, மூச்சு விடுவதுபோல ராவினாள். கால் தாங்கியது. தகடு உட்கார்ந்தது.

"இதப் பிடி. நேரா. உன் பக்கம் சாயுது."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். உன் கண்ணுதான் சாயுது."

"நோர்பெய் உன்னைவிட நல்லாப் பிடிப்பான்."

"அவனையே கூப்பிடு. நான் ரொட்டி திங்கப் போறேன்."

ஆனால் கையை எடுக்கவில்லை. தந்திகள் நாலும் ஏறி இறுகும்வரை குதிரை அவள் விரல்களுக்கு நடுவில் அசையாமல் நின்றது. வயரைச் செருகினதும் சோதனை செய்யத் தானே முன்வந்தாள். ஒல்லிக்காரியின் கழுத்தில் தாடையை அழுத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பெட்டி மூச்சுக்காட்டவில்லை. மெஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த நோர்பெய் மட்டும் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

யோலிமா நாலு தந்தியையும் வாசித்துப் பார்த்தாள். தடித்ததும் மெல்லியதும் ஒரே கனத்தில், உருண்டையாக வந்தன. ஃபனேரி ரொட்டியை மென்றுகொண்டே கூடப் பாட ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சத்தமாப் பாடு, அடுப்புல இருக்கேன், கேக்கல!" என்று பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. பாடினார்கள். கிளியும் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது பாட்டில்தான் யோலிமா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, பிள்ளைங்க!"

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தன்னைச் சந்தையில் இறக்கிவிடச் சொல்லி ஃபனேரியும் ரொட்டிப் பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இத்தன வருஷத்துல நீங்க லேட்டா வந்து இன்னிக்குத்தான் பாக்குறேன், தோன்யா யோலிமா," என்றார். ஃபனேரி ஜன்னல் வழியாக அவருக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து வாயை அடைத்தாள். பிறகு பின்னால் திரும்பி உட்கார்ந்து, மீதியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வேன் முழுக்கச் சீஸ் வாசனை, சிரிப்பு, சீட்டெல்லாம் துகள். சந்தை வந்ததும் அவள் பையை உதறிவிட்டு இறங்கப் போனாள்.

யோலிமா கதவைத் திறக்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து துடைப்பத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"பெருக்கிட்டு இறங்கு, கொமாத்ரே."